முட்டை போடாத ஐசிங்

1. எஞ்சினில் வந்த டின்

டிரைவர் துரை அந்த டின்னை எஞ்சினிலேயே வைத்துக் கொண்டுவந்தார். என் தொழில் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு. விழுப்புரம் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் வீட்டில் நான் பாத்திரம் துலக்கி, துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா பெயர் டோரா. எனக்கு இருபத்து நாலு வயது. கிளியனூர் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். பாதிரியார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் அந்தோணி லோகோ ஷெட்டில் கரி அள்ளிப்போடும் வேலையில் இருந்தார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காலனிக் குழந்தைகளுக்கு, ரயில்வேக்காரர்கள் கூடும் இன்ஸ்டிட்யூட் ஹாலில் பார்ட்டி நடக்கும். ஒரு வீட்டில் கேக், ஒரு வீட்டில் சாண்ட்விச் என்று பிரித்துக்கொள்வார்கள். டோராம்மாவின் பங்கு, மேலே சர்க்கரைப் பூச்சு வைத்துக் கலர் கலராக அலங்கரித்த பிஸ்கோத்து. அவருக்கு அதைச் செய்யத் தெரியாது. மதராஸில் வாங்கிவரச் சொல்லிவிடுவார். அந்த வருஷம் துரை தன் டூட்டியிலேயே வாங்கி, எஞ்சின் கூண்டுக்குள் கால்மாட்டில் வைத்துவிட்டார். டின்னைத் திறந்தபோது சூட்டில் பூச்சு உருகி, ஆட்டத்தில் பிஸ்கோத்து பொடியாகி, செங்கல் சூளை ஓரத்து மண் போலக் கிடந்தது.

"சவரி! ஜல்தி வா! எல்லாம் போச்சு, மேன்!" என்று டோராம்மா கத்தினார்.

துரை ஒரு ஸ்பூன் எடுத்து அந்தப் பொடியை வாயில் போட்டுப் பார்த்தார். "டேஸ்ட் நல்லாத்தான் கீது" என்றார். டோராம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பார்ட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. டோராம்மாவிடம் அவர் அம்மா எழுதிவைத்த ஒரு நோட்டு இருந்தது. அதில் அளவு இருந்தது; எப்படிச் செய்வது என்பது பாதிதான் இருந்தது. வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை. பிசைந்து, தேய்த்து, டம்ளர் வாயால் வட்டமாகவும் கத்தியால் நட்சத்திரமாகவும் வெட்டி அடுக்கினோம். பிஸ்கோத்து சுடுகிற ஓவன் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கவைத்து, உள்ளே தகடு போட்டு, அடியிலும் மேலேயும் கரி நெருப்பு. அதுதான் ஓவன்.

முதல் ஈடு வெளியே வந்தபோது நட்சத்திரத்தைக் காணோம்.

"என்னம்மா இது, ஸ்டாரெல்லாம் வடையாட்டம் பூடுச்சு?" என்றேன்.

மத்தியானச் சூட்டில் பிசைந்ததால் வெண்ணெய் இளகி, நெருப்பில் வைத்ததும் பரவிவிட்டது. நோட்டில் அது எழுதியிருக்கவில்லை. மறுநாள் விடிகாலைக் குளிரில் பிசைந்தோம். தேய்த்த மாவைத் தட்டோடு தண்ணீர்ப் பானையின் வாயில் அரை மணி வைத்து, இறுகின பிறகு வெட்டினேன். முனை முனையாக வந்தது. அந்தப் பானையை நான் கடைசிவரை விடவில்லை.

அடுத்தது ஐசிங், மேலே வைக்கும் சர்க்கரைப் பூச்சு. முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, இடித்துச் சலித்த சர்க்கரைப் பொடியைச் சேர்த்து, எலுமிச்சை இரண்டு சொட்டு. அதைக் காகிதக் கூம்பில் நிரப்பி நுனியைக் கத்தரித்து, பிழிந்து கோடு போட வேண்டும். நான் கோலம் போட்டுப் பழகின கைதானே என்று தைரியமாக எடுத்தேன். கோலம் போட்ட கைதான் கெடுத்தது. கோலமாவு தானாக விழும். விரல் சும்மா வழிகாட்டினால் போதும். ஐசிங்கை அழுத்த வேண்டும். எங்கே நிறுத்த வேண்டுமோ அதற்கு முன்னாலேயே அழுத்தத்தை விட வேண்டும். என் கோடுகளெல்லாம் முடிகிற இடத்தில் வால் முளைத்துக்கொண்டு நின்றன. டோராம்மா சிரிக்கத் தொடங்கினார். பிறகு அவர் போட்டார். அவருடையது அதைவிடக் கேவலம். இரண்டு பேரும் மாவு முகத்தோடு சிரித்தோம். முப்பதாவது பிஸ்கோத்தில் எனக்குக் கை வந்தது.

பார்ட்டியில் ஒரு சின்னப் பெண் தன் பங்கு நட்சத்திரத்தைத் தின்னாமல் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பாக்கெட் வீணாயிற்று என்று அவள் அம்மா திட்டினாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தக் கவுனை நானே வாங்கித் துவைத்துக் கொடுத்தேன்.

2. தகரக் கடை பாய்

மறு வருஷம் டம்ளர் வாய் வேண்டாம், அச்சு வேண்டும் என்றார் டோராம்மா. கடைத்தெருவில் புனலும் சிம்னி விளக்கும் செய்கிற ஒரு பாய் இருந்தார். நட்சத்திரம், மணி, மீன் மூன்றையும் தகரப் பட்டையை வளைத்து அழகாகச் செய்துகொடுத்தார். நாலாவதாக கிறிஸ்துமஸ் மரம் கேட்டேன்.

"அது இன்னா மரம்?"

"நெட்டையா, மேல கூரா, ரெண்டு பக்கமும் கிளையா இருக்கும் பாய்."

அவர் யோசித்து ஒரு மரம் செய்தார். வாங்கிக்கொண்டு வந்து மாவில் அழுத்திப் பார்த்தால் பனைமரம். டோராம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெத்லகேமில் இதுதானே இருந்திருக்கும்?" என்று சொல்லி வைத்துக்கொண்டார். காலனிக் குழந்தைகள் அதைத்தான் முதலில் எடுத்தார்கள். வாடிக்கையாளர் வாயால் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு போகாமல் ஒரு காகிதத்தில் வரைந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மார்கழி மழையில் ஐசிங் காயாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நெருப்பை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும் டின்னுக்குள் மூடியைப் பாதி திறந்து வைத்தால் காயும். அவசரப்பட்டு நெருப்போடு வைத்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும். மேஜையின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு நமக்கு முன்னால் பார்ட்டி நடத்திவிடும்.

3. திண்டிவனத்தில்

யுத்தம் ஆரம்பித்த பிறகு டிரைவர் துரைக்குத் திருச்சிக்கு மாற்றலாயிற்று. டோராம்மா அச்சுகளையும் சல்லடையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தோணிக்குத் தோள்பட்டையில் அடிபட்டு, கரி அள்ள முடியாமல், திண்டிவனத்தில் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் ஒரு மல்லாட்டை மண்டியில் காவல் வேலை கிடைத்தது. நாங்கள் அங்கே போனோம்.

நான் வீட்டிலிருந்தே பிஸ்கோத்து செய்து கொடுக்க ஆரம்பித்தேன். பாதிரியார் பங்களா, ஆஸ்பத்திரி நர்ஸுகள், பிறகு தாசில்தார் வீடு. சர்க்கரைக்குக் கண்ட்ரோல் வந்ததும் ஆர்டர் அருகிப்போயிற்று. ரேஷன் சர்க்கரையைக் காப்பிக்கு வைத்துக்கொள்வார்களா, பிஸ்கோத்துக்குக் கொடுப்பார்களா? வாரம் ஒரு வேலை என்பது மாதம் ஒரு வேலையாயிற்று.

அப்படி ஒரு நாள் வக்கீல் குமாஸ்தா சபாபதி வந்து நின்றார். ஐம்பது வயது மனிதர், எப்போதும் காதில் பென்சில்.

"வக்கீல் வூட்டம்மா உன்ன இட்டாரச் சொன்னாங்க. போன வாரம் தாசில்தார் வூட்டு விசேஷத்துல உன் பிஸ்கோத்து தின்னாங்களாம். அதே மாதிரி வேணும்னு ஒத்த கால்ல நிக்கிறாங்க."

அவரோடு புறப்பட்டேன்; நாலடி நடந்ததும்தான் எனக்கு உறைத்தது. அந்த வக்கீல் வீடு சைவ வீடு. வெங்காயமே வெள்ளிக்கிழமை சேர்க்க மாட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

"ஐயா, அதுல முட்டை கீதுங்களே" என்றேன்.

சபாபதி நடையை நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இத பாரு சவரியம்மா. தின்னாச்சு, செரிச்சாச்சு. இப்ப போயி வாயத் தொறந்தா இன்னா ஆவும்? உன்னையும் துரத்துவாங்க, இட்டுக்கினு வந்த என்னையும் பேஜாராக்குவாங்க. கம்முனு ஆர்டர வாங்கிக்கினு வா."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். சொன்னால் இந்த ஆர்டர் போகும். 'எங்களை முட்டை தின்ன வைத்தாள்' என்று அந்த அம்மா நாலு இடத்தில் சொன்னால் தாசில்தார் வீடும் போகும். சொல்லாவிட்டால் முட்டை போட்டே செய்து கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. அந்தோணியின் தோள் அப்போதும் சரியாகவில்லை.

கொல்லைப்புற வழியாகத்தான் உள்ளே போனேன். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தெருவில் அதுதான் வழி. வக்கீல் சம்சாரம் விசாலாட்சி அம்மாள் கிணற்றடிக்கே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் பெண் குழந்தை.

"நீதானா அது? அந்த வெள்ளை மேல செவப்புல பூவாட்டம் கோடு போட்டிருந்தியே, அது எப்படிப் போட்ட? நான் ரெண்டு தின்னேன். இவளுக்குக்கூட ஒண்ணு நுணுக்கி ஊட்டினேன். வர்ற தையில இவளுக்கு ஆண்டு நிறைவு. நூறு பிஸ்கோத்து வேணும். ரெண்டு மாசமா சர்க்கரை சேத்து வெச்சிருக்கேன், காப்பிக்கு வெல்லம்தான் போட்டுக் குடிக்கிறோம்."

குழந்தைக்கும் ஊட்டினேன் என்று சொன்னதும் என்னால் முடியவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. அதுல முட்டை போட்டிருக்குதுங்க. மாவுலயும் இருக்கு, மேல பூசினதுலயும் இருக்கு."

விசாலாட்சி அம்மாள் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டார். கிணற்றுத் தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வாயைக் கொப்பளித்தார். தின்று எட்டு நாள் ஆகியிருந்தது. இன்னொரு செம்பு மொண்டார். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சபாபதி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

போவதா, நிற்பதா என்று தெரியாமல் முருங்கை மரத்தடியில் நின்றேன். வெகு நேரம் கழித்து விசாலாட்சி அம்மாள் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் சொன்ன?"

"கொழந்தைக்கும் ஊட்டினேன்னு சொன்னீங்களே. அதுக்கு மேல எப்படிங்க சும்மா இருக்கறது?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முட்டை இல்லாம வராதா?" என்றார்.

"பிஸ்கோத்து வந்துடும்ங்க. பாலும் நெய்யும் விட்டுப் பிசையலாம். மேல பூசறதுதான் எப்படின்னு தெரியலைங்க."

"தெரியலைன்னா செஞ்சு பாரு. இன்னும் பத்து நாள் இருக்கு. எங்க மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்கு. எங்க பாத்திரத்துல, என் கண்ணு முன்னால செய்." போகத் திரும்பியவர் நின்று, "போன வாரத்த பத்தி இந்த வீட்ல யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றார்.

4. கோந்து

சேர்த்து வைத்திருந்த சர்க்கரை நூறு பிஸ்கோத்துக்குச் சரியாக இருந்தது. வீணாக்க ஒரு கைப்பிடி கிடையாது. அதனால் ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன் பொடி, ஒரே ஒரு பிஸ்கோத்து என்று வைத்துக்கொண்டு சோதித்தேன். எலுமிச்சைச் சாறு மட்டும் விட்டுக் குழைத்தேன். மறுநாளும் விரலில் ஒட்டியது. பால் விட்டேன், காய்ந்தது, ஆனால் ஏரி மண்போல வெடித்தது. ஜவ்வரிசிக் கஞ்சி விட்டேன்; கண்ணாடிபோல அழகாக வந்து, பிஸ்கோத்தைத் தட்டியதும் தோலாக உரிந்து விழுந்தது. ஒவ்வொன்றையும் விசாலாட்சி அம்மாள் எடுத்துப் பார்த்து, தின்றுவிடுவார். சர்க்கரையை வீணாக்க அவருக்கு மனம் வராது.

ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள், முடியாது என்று சபாபதியிடம் சொல்லிவிடலாம் என்று வக்கீலின் ஆபீஸ் அறை ஜன்னல் பக்கம் போனேன். உள்ளே சபாபதி மேஜையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஐயா பண்றீங்க?"

"கோந்து பாட்டில் கவுந்துபோச்சு. காலைல கொட்டினது, இப்ப கல்லாட்டம் புடிச்சிக்கினு கீது. பெரிய பேஜாரு."

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கொட்டின இடம் பளபளவென்று இருந்தது. எங்கேயும் வெடிப்பு இல்லை.

"இந்தக் கோந்து எதுல செய்யறது?"

"கருவேலம் பிசின். நாட்டு மருந்துக் கடையில வாங்கி ஊற வெக்கிறதுதான்."

"திங்கலாங்களா?"

சபாபதி கத்தியை வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இருமலுக்கு வாயில அடக்கிக்கினு இருக்கறமே, அந்தப் பிசின்தான்..." என்று ஆரம்பித்தவர், விஷயம் புரிந்ததும் காதுப் பென்சில் விழச் சிரித்தார். அவரே கடைக்குப் போய் நல்ல வெளுப்பான பிசினாகப் பொறுக்கி வாங்கிவந்தார்.

பிசினை இரவு முழுக்க ஊறவைத்து, மல் துணியில் இரண்டு தரம் வடிகட்டினேன். விளக்கெண்ணெய்ப் பதம். அதில் சர்க்கரைப் பொடியும் எலுமிச்சை இரண்டு சொட்டும் விட்டு, கை வலிக்க அடித்தேன். கோடு நின்றது. நாலு மணி நேரத்தில் காய்ந்தது. மேஜையில் தட்டினேன், உரியவில்லை. முட்டை ஐசிங் மாதிரிப் பளீர் வெள்ளை வரவில்லை. லேசான சந்தன நிறம். அதை மறைக்கப் பார்க்காமல் அந்த நிறத்தையே அடிப்பூச்சாக வைத்து, பீட்ரூட் சாற்றில் சிவப்பும் மஞ்சள் தூளில் மஞ்சளும் கலந்து மேலே கோடு போட்டேன்.

விசாலாட்சி அம்மாள் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதியைக் கடித்தார். மீதிப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"நீயும் தின்னு பாரு. முட்டை போட்டதவிட இதுதான் நல்லா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

5. ஆண்டு நிறைவு

நூறு பிஸ்கோத்து. நட்சத்திரமும் மணியும் மட்டும் செய்தேன். மீனை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு மணியின் மேலும் குழந்தையின் பெயரில் முதல் எழுத்தான 'கோ' என்று எழுதச் சொன்னார். அந்த எழுத்தின் கொம்பும் காலும் எனக்குக் கொடுத்த பாடு கொஞ்சமல்ல. அன்று பூரா 'கோ' எழுதி, இரவு அந்தோணி சாப்பாடு கேட்டபோதுகூட விரல் காற்றில் 'கோ' போட்டுக்கொண்டிருந்தது.

விசேஷத்தன்று நான் சமையற்கட்டு ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் நின்றிருந்தேன். கூடத்தில் பேசுவது நன்றாகக் கேட்டது. வெள்ளித் தட்டில் பிஸ்கோத்து போயிற்று. குழந்தைகள் கூச்சல். பெண்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். சப் மாஜிஸ்திரேட்டின் மனைவி கேட்டார்: "மதராஸ்ல எந்தக் கடைங்க?"

நான் ஜன்னலை ஒட்டி நகர்ந்தேன். ஆமாம், மதராஸ்தான் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்த வீட்டுக்கு அதுதான் சுலபம். அப்படிச் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லியிருந்தால் தப்பாகவும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

விசாலாட்சி அம்மாள் சொன்னார்: "மதராஸ் இல்லைங்க. நம்ம ஊர்லயே சவரியம்மான்னு இருக்காங்க. இங்கேயே பத்து நாள் நின்னு முட்டை இல்லாம செஞ்சு குடுத்தாங்க. கொல்லையிலதான் இருக்காங்க, கூப்பிடட்டுங்களா?"

இருக்காங்க என்றார். செஞ்சு குடுத்தாங்க என்றார். கிணற்றடியில் 'நீ' என்று கூப்பிட்டவர், அத்தனை பேர் நடுவில் அப்படிச் சொன்னார்.

வக்கீலுக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் கையில் எடுத்த மணியைத் தட்டில் திரும்ப வைத்ததை நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். வக்கீல் கதர்த் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, தட்டில் வைத்த அந்த மணியையே எடுத்துத் தின்றார். பிறகு பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சப் மாஜிஸ்திரேட் மனைவியும் இன்னும் இரண்டு பெண்களும் கொல்லைக்கே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணத்துக்கு வேண்டும், ஒருவருக்குக் கொலுவுக்கு. பிசின் விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். கேட்டார்கள், சொன்னேன். ஒருவர் வீட்டில் செய்து பார்த்துவிட்டு, பிசினை வடிகட்டாமல் போட்டுக் கெடுத்து, மறுபடி என்னிடமே வந்தார்.

அந்தப் பெரியப்பா வீட்டிலிருந்தும் இரண்டு வருஷம் கழித்து ஆள் வந்தது. பிஸ்கோத்து செய்து, சபாபதி கையில் கொடுத்தனுப்ப வேண்டும். நான் செய்தது என்று வெளியே தெரியக் கூடாது என்றார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வாரம் எனக்கு வேறு வேலை இல்லை. ஆனாலும் அதற்காக வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை.

பிற்பாடு என் வீட்டில் இரண்டு அலமாரி வைத்தேன். ஒன்றில் முட்டைக்கான பாத்திரம், கரண்டி, துணி. இன்னொன்றில் பிசினுக்கானவை. ஒன்றை எடுத்து மற்றதில் வைத்தால் என் மகளாக இருந்தாலும் சத்தம் போடுவேன். முட்டை ஆர்டரைவிடப் பிசின் ஆர்டர்தான் எப்போதும் அதிகம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஐசிங் கை ஒரு மாதத்தில் வந்துவிடும். படியேறி வருகிறவர் உட்கார்ந்ததும், என்ன கலர், எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், இதில் இன்னின்னது போடுகிறேன், உங்களுக்கு ஆகுமா என்று கேட்டுவிடுங்கள். நான் பயந்துகொண்டுதான் ஒரு தடவை சொன்னேன், அதுவும் எட்டு நாள் தாமதமாக. அப்படியும் அந்த அம்மா திரும்பி வந்தார்.